பகல் கண், ராத்திரிக் கண்

ஆபீசர்ஸ் லைனில் நூற்றேழு டிகிரி.
கடைக்குள் நுழைந்ததும் இம்தாதுல்லா
"கேமிங்குக்கா சார்?" என்று
தேவசித்தத்தைக் கேட்கிறார்.
பஸ்ஸில்
'டிக்கெட் பின்னால எடுப்பாங்க' என்பதுபோல
அவர் கட்டைவிரலால் என்னைக் காட்டுகிறார்.

மேசைமேல் மூன்று மானிட்டர்கள்.
மூன்றிலும் ஒரே கிளி, ஒரே கிளை.

முதலாவது இருபத்தேழு அங்குலம்.
கிளி கிளிப்பச்சையாகவே இருக்கிறது.
நொடிக்கு அறுபது தடவைதான் புதுப்பித்துக்கொள்ளும்,
அதற்குமேல் அதனிடம் கேட்கக்கூடாது.

இரண்டாவது வளைந்தது. விலை குறைவு.
கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு,
கரண்ட் போன வீடு மாதிரி.
"ஆனா இருட்டுல வேகமா ஓடினா
பின்னாலயே பேய் வரும்மா,
இப்பவே சொல்லிடறேன்" என்கிறார்.
எலியை இழுத்துப் பார்த்தேன். வந்தது.
அம்புக்குறியின் பின்னால்
அதன் சாயல் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு.

மூன்றாவது இருபத்துநாலு.
நூற்றறுபத்தைந்து ஹெர்ட்ஸ்.
"சைடுல நின்னு பாத்தா
சாயம் போன லுங்கி மாதிரி கீது.
நேரா குந்திகினா ஒண்ணும் தெரியாது."

"கண்ணு முக்கியம், பெரிசாவே வாங்கலாம்"
என்கிறார் தேவசித்தம்.
எந்தக் கண், பகல் கண்ணா, ராத்திரிக் கண்ணா?

பகலில் நான் மெடிக்கல் கோடிங்.
எங்கோ ஓர் அமெரிக்க மாடிப்படியில்
வழுக்கி விழுந்தவரின் தொடையெலும்பு
சத்துவாச்சாரியில் எனக்கு எஸ் எழுபத்திரண்டு.
மாரடைப்பு ஐ இருபத்தொன்று.
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் தவறினால்
அவருக்குக் காப்பீடு வராது,
எனக்கு மெயில் வரும்.

ராத்திரியில் என் பெயர் பாலாறு.
தண்ணீர் இல்லாவிட்டாலும் ஓடுவேன்.
பேரணாம்பட்டு தோல் மண்டிக் கணக்கர் ஒருவர்,
ஓசூர்ப் பையன் ஒருவன், நான்.
எங்கள் படை அவ்வளவுதான்.
செத்தால் ஏழு நொடி.
பிறகு அதே துப்பாக்கியோடு அதே சந்தில் எழுந்து நிற்போம்.
அதற்கு யாரும் கோடு போடுவதில்லை.

கைப்பையிலிருந்து ஷூ லேஸை எடுத்தேன்.
ஒரு முனை என் நெற்றி, மறுமுனை முடிச்சு.
வீட்டு மேசையில் திரை இருக்கும் தூரம்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
மூன்றாவதில் எக்ஸெல் திறக்கச் சொன்னேன்.
இம்தாதுல்லாவின் உதவியாள் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.
ஒன்பதாம் அளவு எழுத்து, எட்டுக்கும் ஆறுக்கும்
குழப்பமில்லை.

பெட்டியில் புதுசு இல்லையாம்.
காட்சிக்கு வைத்ததுதான் மிச்சம்,
வலது மேல்மூலையில் செத்துப்போகாத பச்சைப் புள்ளி ஒன்று,
அணையவே மறுக்கிறது.
அதற்காக ஆயிரத்து முந்நூறு குறைத்தார்.
இன்னும் இருநூறு நான் குறைத்தேன்.

ஸ்கூட்டரில் கிரீன் சர்க்கிள் தாண்டும்வரை
பெட்டி அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில்.
வழியில் ஒருவர் "டிவியாம்மா?" என்றார்.
ஆமாம் என்றேன். சிக்னல் விழ
அவ்வளவு நேரம் இல்லை.

முதல் ராத்திரி
அந்தப் பச்சைப் புள்ளியை எதிரியென்று நினைத்து
மூன்று தடவை சுட்டேன்.
பேரணாம்பட்டுக்காரர் கேட்டார்:
"பாலாறு, வானத்துல யாரு?"

அமைப்புக்குள் போய்
அறுபதை நூற்றறுபத்தைந்தாக மாற்றி
தேவசித்தத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தேன்.
"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல"
என்று போய்ப் படுத்துவிட்டார்.

காலை ஐந்தேமுக்கால்,
பால் பாக்கெட்டோடு வருகிறேன்.
அறை விளக்கு போடாமல் உட்கார்ந்து
மின்கட்டண ரசீது ஜன்னலைப் பிடித்து
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
இழுத்துக்கொண்டிருக்கிறார்.
ரசீதில் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்
வழுக்கி வழுக்கிப் போகிறது,
பின்னால் பேய் எதுவும் வரவில்லை.