மூன்றாம் இலக்க மைக்

வைகாசியில் கண்ணகைக்குக் கட்டிய அதே பொக்ஸை
ஆடியில் யேசுவுக்குக் கட்டுகிறேன்.
இடையில் ஒரு சாமத்தியச் சடங்கு, ஒரு தேர்தல்.
சந்திவெளியில் எனக்குப் பெயர்
புவிதரன் சவுண்ட்ஸ்.
கடவுள் இல்லையென்று போர்டில் எழுதவில்லை.
எல்லாருக்கும் தெரியும்.

"மிசனுக்கு செற் குடுக்காத" என்று
போன வருசம் நாலு பெடியன்கள் வந்து நின்றார்கள்.
"கடவுளுக்குக் குடுக்கல்லடா, வாடகைக்குக் குடுக்கிறன்."
சிரித்தார்களா முறைத்தார்களா
ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை.

கூட்டம் முடிந்தாலும்
பாஸ்டர் திலகரெத்தினம் போகமாட்டார்.
வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு
வயரின் மறு நுனியைப் பிடிப்பார்.
நான் முழங்கையில் சுற்ற, அவர் தளர்த்திவிட,
எங்கள் வாதம்
நூற்றைம்பது அடி நீளம்.

"ஒருநாள் இந்த வயராலதான் ஆண்டவர் உங்களைப் பிடிப்பார், தம்பி."
"இது பொக்ஸ் லைன் பாஸ்டர், ஷொக் அடிக்காது."
"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, ஒண்டுமே இல்லையா?"
"தொட்டன். நெஞ்சு இரிக்கி."
"இவ்வளவு பிரசங்கம் கேட்டும்..."
"கேட்டபடியாத்தான் சொல்றன், நேத்து லூக்காவை
மத்தேயு எண்டு சொன்னீங்க."
"அப்ப நான் நரகத்துக்குத்தானா?" என்று கேட்டால் மட்டும்
கொஞ்சம் பேசாமல் நடப்பார்.
"அங்க செற் கட்ட ஆள் இல்லாமலா இரிக்கும்" என்பார்,
சிரிப்பு வராத முகத்தோடு.

வெள்ளம் வடிந்த கையோடு பால்மா கொண்டு வந்தீங்களே,
அது தூண்டில்தானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
வயர் கீழே விழுந்தது.
"பதினேழு வீட்டுக்குக் குடுத்தன்.
பதினாறு வீடு இன்னும் பிள்ளையாருக்குத்தான்
கற்பூரம் கொளுத்துது."
குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னார்:
"மற்றது என்ர தங்கச்சி வீடு."

இந்த ஆடி, மூன்றாம் நாள்.
கச்சான் காற்று மைக்கின் பஞ்சைப் பிய்க்கிறது.
பேசி முடித்து
சனம் கண்ணை மூடிப் பாடத் தொடங்க
தகரத்துக்குப் பின்னால் போனார்,
சட்டையில் குத்திய மூன்றாம் இலக்க மைக்கை
நிறுத்த மறந்து.
என் ஹெட்போனில் முதலில் தண்ணீர் குடிக்கும் சத்தம்.
பிறகு மூச்சு.
பிறகு

"பதினொரு வருசமா ஊரைக் கூட்டி உம்மைக் காட்டுறன்.
எனக்கு ஒருக்காக் காட்டும்.
ஒருக்கா."

மூன்றாவது பட்டனை எப்போது இழுத்தேன் தெரியாது.
'ஊரை' வரைக்கும் வெளியில் போயிருக்கலாம்.
முன் பாயில் ஒரு பெண் கண் திறந்து
பொக்ஸைப் பார்த்தாள்,
திரும்ப மூடிக்கொண்டாள்.

நான் வென்ற இரவு அது.
பதினொரு வருசமாய் நான் கேட்ட கேள்வியை
அவரே கேட்டுவிட்டார், என்னைவிட நன்றாக.
ஆனால் விரல் பட்டனை விட்டு எழவில்லை,
விட்டால் அது தானாக ஏறிவிடும் என்பதுபோல.
ஹெட்போனையாவது கழற்றியிருக்கலாம்,
அடுத்தவர் வீட்டுச் சங்கதி.
கழற்றவில்லை.
அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகனின் பெயர் வந்தது,
ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் வந்தது.
ஒருவர் அப்படிப் பேசும்போது
ஆராவது ஒராள்
கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் போலிருந்தது.

பாய்களைச் சுருட்டிக்கொண்டு சனம் போனது.
ஜெனரேற்றர் நின்றதும் தவளைகள்.
வயரின் மறு நுனியில் அவர்.
அறுபது அடி சுற்றும்வரைக்கும்
ஆண்டவர் பேச்சு இல்லை, என்னுடைய மறுப்பும் இல்லை.

"மைக்கை நிப்பாட்டினனானா, தம்பி?"
"பற்றரி இறங்கிட்டு பாஸ்டர். ஒண்டும் வரல்ல."

இன்னும் ஒரு இருபது அடி.

"பின்னேரம்தான் புதுசு போட்டீங்க" என்றார்.
"கடைக்குப் போய் வாங்கித் தந்தது நான்."

"கொஞ்சம் இழுங்க" என்றேன்,
"அங்கால சிக்கிக் கிடக்கு."
அவர் இழுத்தார்.