முள் அசையாத எடை

நான்கு வருடம்
மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தேன்,
முப்பதும் ஒன்றோடொன்று பேசிவிடாதபடி.
தாராவியில் எங்கள் சந்தில்
ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர்.
இங்கே தும்மினால் அங்கே சுக்கு தட்டுவார்கள்.
பிள்ளை இல்லாத வீட்டில்
தினமும் ஒன்பது மணிக்குக் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால்
கேட்காமல் இருப்பார்களா?

முதல் புருஷன் விட்டுப்போனது
ஒரு தகரப்பெட்டி, தண்டல்காரர் கடன், இந்த எச்.ஐ.வி.
பெட்டியை விற்றுக் கடனில் கொஞ்சம் அடைத்தேன்.
செத்தவனைத் திட்டி முடிக்க
மேலும் இரண்டு வருடம் பிடித்தது.

இசக்கிமுத்து தராசு பழுது பார்ப்பவர்.
மீன்காரியின் தராசு, நகைக்கடைத் தராசு,
பழைய பேப்பர்க்காரரின் துருப்பிடித்த கொக்கித் தராசு
எல்லாம் ஒரே சாக்கின்மேல் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்.
கட்டிக்கலாமா என்று கேட்ட அன்றே சொல்லிவிட்டேன்.
டீயை மிச்சம் வைத்து எழுந்து போனார்.
பதினோரு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.
பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்று,
'ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்' என்றார்.

சயான் ஆஸ்பத்திரியில் ஷைலஜா தாய்
மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னார்.
'வைரஸ் கண்டறியப்படவில்லை.
போன தடவையும் இல்லை, இந்தத் தடவையும் இல்லை.
மருந்தை விடாமல் இப்படியே இருக்கிறவரை
படுக்கையில் இவளிடமிருந்து உங்களுக்கு வராது.'
'கம்மியா வருமா?' என்று கேட்டார் இவர்.
'கம்மியா இல்லை. வராது.'

காணவில்லை என்றால் எனக்குத் தெரிந்தது
ரயில்பெட்டியில் பாதி கிழிந்து தொங்கும் முகங்கள்.
ரேஷன் ஆபீசில் என் பெயர் இல்லை,
வாடகைக்கு வீடு இல்லை, நாளைக்கு வேலை இல்லை.
இந்த ஊர் ஜன்னல்களில் எத்தனை இல்லை வாங்கியிருப்பேன்!
ஒரு ஜன்னலில்தான்
அந்தச் சொல்லை மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நடைபாலத்தில் நின்றுவிட்டேன்.
'தெரியலன்னா இல்லைன்னு ஆயிருமா?
இருட்டுல பல்லி தெரியாது. உச்சுக் கொட்டுமே?'
கீழே அந்தேரி... இல்லை, தானே போகிற வண்டி போனது.
அது போய் முடியட்டும் என்று காத்திருந்தவர்,
'தட்டுல ஒரு தலைமுடியைப் போடு.
முள்ளு அசையுதா?
முடி இருக்கு. இல்லைன்னு நான் சொல்லல.
ஆனா அதை வச்சு ஒருத்தன்
ஒரு கிராம் வியாபாரம் பண்ண முடியாது' என்றார்.
பிறகு,
'தராசுக்கும் வருஷாவருஷம் முத்திரை குத்தணும்.
உனக்கும் அந்த ரத்த டெஸ்ட்டு தவறக்கூடாது' என்றார்,
கல்யாணப் பேச்சில் சீர் கேட்பவர் மாதிரி.

டம்ளரால் ஒட்டாது என்று டாக்டர் என்றைக்கோ சொன்னதுதான்.
இருந்தும் எனக்கென்று விளிம்பு நசுங்கிய ஒன்று
தனியாக இருந்தது.
கல்யாணமான மூன்றாம் நாள் அதிலிருந்த டீயைக் குடித்துவிட்டு
'சீனி காணாது' என்றார்.
அன்றிரவு மழை.
கூரைத் தார்ப்பாய் அடித்துக்கொண்டே இருந்தது.
பயமே இல்லை என்று சொன்னால் பொய்.
இருந்தது,
முள்ளை அசைக்காத எடையில்.

அவருக்கும் பரிசோதனை செய்கிறார்கள். இதுவரை மூன்று முறை.
மூன்றிலும் இல்லை.
சீட்டுகளை எடைக்கற்கள் வைக்கும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

போன வாரம் பஞ்சை எடுத்துவிட்டேன்.
ஒன்பது மணிக்கு டப்பாவைக் கவிழ்த்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சந்தனமாரி கேட்டாள்:
'என்னக்கா சத்தம்?'
'மாத்திரை.'
'எதுக்கு?'
வாயில் தண்ணீர் இருந்தது.
விழுங்கிவிட்டுச் சொல்கிறேன் என்று
கையைக் காட்டினேன்,
சுவருக்கு.