காலி அறை

மேசையில் மூன்று கிடந்தன,
நாக்குமீனைக் கூறு கட்டியது போல.
"எதை வேணா எடுங்க மேடம், எல்லாம் ஒரே சாவுதான்"
என்றார் ஆயுதக் கிடங்கு தியோடர்,
பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஒரே சாவு இல்லை.
முதலாவது இஷாப்பூர். கனம்.
விசையை எட்டுவதற்குள் என் மணிக்கட்டு திரும்பிவிட்டது.
இரண்டாவதன் மேல்தகட்டை இழுத்தேன்,
பாதியில் நின்றது
கொருக்குப்பேட்டை கேட் மாதிரி.
தியோடர் சிரிக்கவில்லை. அதனால் அவரைப் பிடித்தது.
மூன்றாவது கறுப்பு, பிளாஸ்டிக் உடம்பு.
திருவொற்றியூர் தேரடியில் பொம்மையோடு தொங்கினால்
யாரும் நம்புவார்கள்.
அதுதான் பயமாக இருந்தது,
ஆனாலும் கை அதைத்தான் கேட்டது.
எண்ணை உரக்கப் படித்தார், கையெழுத்துப் போட்டேன்.
தோட்டா பத்து. அதற்கும் கையெழுத்து.

உறை வேறு கதை.
கொடுத்த தோலுறை எப்போதும் வாயைத் திறந்தே இருந்தது.
எண்ணூர் சாலையில் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் குதித்தால் போதும்,
அரசாங்கச் சொத்து கண்டெய்னர் லாரிக்கடியில்.
சொந்தக் காசு ஆயிரத்து எண்ணூறு போட்டு
வேறு வாங்கினேன்.
விசையை முழுதாக மூடுவது,
கட்டைவிரல் அழுத்தினால்தான் விடுவது.

துப்பாக்கிக்குள் ஓர் அறை இருக்கிறது,
ஒரே ஒரு தோட்டா படுக்கிற அளவு.
நான் அதைக் காலியாக வைத்திருக்கிறேன்.
"அவசரத்துக்கு ஒரு நொடி வீணாப் போகும்மா"
என்கிறார் ஆய்வாளர்.
போகட்டும்.
ஒரு நொடி எவ்வளவு நீளமென்று
காசிமேட்டில் ஏலம் விட்டவரிடம் கேளுங்கள்.

வீடும் ஓர் அறைதான்,
தண்டையார்பேட்டை குடியிருப்பில் மூன்றாம் மாடி.
ஹெப்சி தூங்கியபின் பெட்டகத்தைக் கழற்றுவேன்,
மேல்தகட்டை இழுத்துப் பார்ப்பேன்.
கரண்ட் போன இரவில், மணலி ஆலையின் நெருப்பு
ஜன்னலில் ஆடுகிற வெளிச்சம் போதாது;
சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன்,
குழந்தையின் வாயில் பல் முளைத்ததா என்று பார்ப்பது போல.
இரும்புப் பெட்டி பரணில், தோட்டா பீரோவில்.
சாவி,
முன்பு தாலி தொங்கிய இடத்தில்.

மாசி மாதம், விடியற்காலை மூன்றரை.
ஐஸ் பெட்டிக்குத் தகராறு.
ஒருவன் கையில் ஐஸ் குத்தும் ஊசி.
ஊசியைத் தட்டிவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன்.
இறால் கூடையைப் போட்டுவிட்டு வந்த தேசம்மா,
அவன் அம்மா,
என்னை அறைந்தாள்.

என் வலது கை இடுப்புக்குப் போனது.
எல்லோரும் பார்த்தார்கள்.
அலை வாங்குவது போலக் கூட்டம் இரண்டடி விலகியது.

எடுக்கப் போகவில்லை அது.
மூடப் போனது.
அந்த நெரிசலில் எத்தனை கை, எத்தனை தோள்,
எவன் விரல் எங்கே மாட்டும் என்று யார் கண்டது?
உள்ளங்கையால் உறையை அழுத்தி
முழங்கையை விலாவோடு ஒட்டி
இடது கையில் அவன் காலரோடு நின்றேன்.

"இன்னா, சுடப் போறியா?"
தேசம்மாவின் குரல் நடுங்கியது.
இல்லை என்றேன்.
உள்ளே காலியாத்தான் இருக்கு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அதைச் சொல்லக் கூடாது.

"அறைக்கு ஒரு அறை குடுத்திருக்கணும்"
என்றார் ஆய்வாளர், டீயை ஆற்றிக்கொண்டே.
நான் எழுதினேன்: ஆயுதம் எடுக்கப்படவில்லை.
அம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
ஏனென்று இன்னும் யோசிக்கிறேன்.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் சிவப்பு?" என்றாள் ஹெப்சி.
வெயில் என்றேன். நம்பவில்லை.

இரவு பிடியில் இறால் வாசம்.
பழைய டூத்பிரஷால் இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை.
அறை காலி. சுண்டுவிரல் சொன்னது.
உறையைக் கவிழ்த்துத் தட்டினேன்,
ஒரு மீன் செதில் விழுந்தது,
சின்னது, வெளிச்சத்தை வைத்திருந்தது.
எந்தப் பதிவேட்டில் வரவு வைப்பது?
ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

காலையில் எறும்பு கொண்டுபோயிருந்தது.