பற்றுச்சீட்டு 31 முதல் 38 வரை

ஆண்டறிக்கையில் எட்டுப் பற்றுச்சீட்டுகள் இல்லை.
கணக்காய்வாளர் கேட்பார்.
அதற்கு முன்னரே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர்.
சனிக்கிழமை நாலு மணிக்கு
உட்துறைமுக வீதியில்
சைக்கிள் கடை பூட்டிய பிறகு
அதன் பின்னறை எங்களுடையது.
வாடகை மாதம் மூவாயிரம்,
மின்விசிறிக்குத் தனியே இருநூறு.
கிறீஸ் மணத்துக்குக் காசில்லை.

மெர்வின் பார்த்லட் திமிங்கிலம் செதுக்குகிறார்.
பதினொரு மாதத்தில் வால் மட்டும் முடிந்திருக்கிறது.
மிச்சம் எங்கே என்றால்
"தண்ணிக்குள்ள நிக்குது" என்பார்.
வங்கிக் காசாளர் கேதாரநாதனுக்கு மான்.
எத்தனை தரம் செதுக்கினாலும்
ஆட்டு முகத்தோடுதான் பிறக்கும்.
நேவி மெக்கானிக்காய் இருந்த குலரத்ன
மரத்தில் போல்ட்டும் நட்டும் செய்கிறார்.
ஏன் என்று கேட்டவனுக்கு
ஒரு சோடி கொடுத்தார்.
இரவு வேலை முடிந்து வருகிற நாளில்
தாதி மரிஸ்டெல்லா ஒன்றும் செதுக்கமாட்டாள்;
எல்லாருடைய உளியையும்
சாணை பிடித்துத் தந்துவிட்டுப் போவாள்.
நான் அகப்பை. அகப்பை மட்டும்.
என் அகப்பையில் குழம்பு நிற்காது,
சோறு நிற்கும்.

வைகாசிக் கடைசியில்
ஆசுபத்திரிச் சந்தி வாகையின் ஒரு கொப்பு
வீதிக்குக் குறுக்கே விழுந்தது.
நகரசபை லொறி வருமுன்
நாங்கள் போய்விட்டோம்.
(31: ஓட்டோக் கூலி, இரண்டு நடை, எண்ணூறு.
32: வாள் கூர் போட்டது.
33: தேநீர், வடை. வடை பதினெட்டு;
விளக்கம் வேண்டுமென்றால் குலரத்னவைக் கேளுங்கள்.)

சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டதில்
கணுத் துண்டு
கிண்ணியாவிலிருந்து வரும் ஹம்சியாவுக்கு.
வரியெல்லாம் கணுவைச் சுற்றி
நீர்ச்சுழிபோலத் திரும்பியிருந்தது.
"மாத்தித் தாறன்" என்றார் கேதாரநாதன்.
"வேணாம்" என்றாள்.
எதிர்வரியில் உளி வைத்தால் சிராய் பெயரும்;
அவள் துண்டில்
எல்லாத் திசையும் எதிர்.
நாலு சனி
கொட்டாப்புளியைத் தொடாமல்
உள்ளங்கையால் அழுத்தி,
ஒரு நெல்லளவு,
திருப்பி, இன்னொரு நெல்லளவு.
என்ன அது என்று கேட்டால்
சுருளை ஊதிவிட்டுச் சும்மா இருந்தாள்.

அதற்குள் கச்சான் கிளம்பிவிட்டது.
பின்னறைக் கதவுக்குக் கொண்டி இல்லை.
காற்று அதைப் படாரென்று அறையும்,
ஒன்பது கையும் ஒருமிக்கத் துள்ளும்.
அப்படித் துள்ளியதில்தான்
மெர்வினின் பெருவிரலுக்கு நாலு தையல்.
(36: பஞ்சு, பிளாஸ்டர்.)

ஐந்தாம் சனி ஹம்சியா
துண்டோடு எழும்பினாள்.
எங்களுக்குக் காட்டவில்லை.
நேரே போய்க் கதவடியில் செருகினாள்.
ஆப்பு.
ஒரு பக்கம் வழுவழுத்த சரிவு,
மறுபக்கம் கணு, தன் சுழியெல்லாம் தெரிய,
கால் விரலால் தள்ள வாகாய்.
காற்று வந்தது.
கதவு நின்றது.
ஒருவரும் கை தட்டவில்லை,
எல்லார் கையிலும் உளி.

அன்றைக்கே,
திறந்து நின்ற கதவால்,
மான் வந்தது.
பஸ் நிலையத்தில்
வாழைப்பழத் தோலுக்கு நிற்குமே, அந்த ஊர்மான்.
கேதாரநாதனின் மானை முகர்ந்தது,
நீளமாய் மூச்சு விட்டது.
பிறகு மேசைக்கு வந்து
என் கோவையிலிருந்து
ஒவ்வொரு தாளாய், அவசரமில்லாமல்.
குத்தூசியை மட்டும் விட்டுவைத்தது.

விரட்டியிருக்கலாம்.
விரட்டவில்லை. பொறுப்பு எனதே.
மெர்வின் தைத்த விரலை வாயில் வைத்திருந்தார்.
கேதாரநாதன் மட்டும்
கண்ணை எடுக்காமல்
கையால் தடவிப் பென்சிலைத் தேடினார்.
"காது பக்கத்தாலயல்லோ நிக்குது" என்றார்,
யாருக்கென்றில்லை.
அது போன பிறகு
பழைய கட்டையைக் காலால் தள்ளிவிட்டுப்
புதிது ஒன்று எடுத்தார்.

தொகை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
சாட்சிக்கு எட்டுப் பேர், என்னைத் தவிர்த்து.
ஆப்பு கதவடியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.
அதைத் தளபாடம் என்று எழுதுவதா,
திருத்தவேலை என்று எழுதுவதா,
கண்காட்சிக்கு வைக்கும் பொருள் என்பதா,
எனக்குத் தெரியவில்லை.
அந்த இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.