எடைமேடை

பாரத்தோடு ஒரு தடவை நிறுப்பேன்,
இறக்கிவிட்டு வரும்போது ஒரு தடவை.
கழித்தால் வருவது குலை.
பதினாறு வருஷமாய் இந்த ஒரு கணக்கில்தான்
என் அடுப்பு எரிகிறது.
குலைக்கு அடியில் ஈர மண்ணை ஒளித்து வருகிறவனை
லாரி திரும்பும் விதத்திலேயே தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி.
ஷிப்ட் முடித்து, எட்டாங்கட்டை ஜமால் கடையில்
திரைக்கு நேர் எதிர் மேசை எனக்கு.
ஆண்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள்;
மரியாதை என்று சொல்ல முடியாது.
போன சீசனில் ஆப்சைடு பற்றி வாதாடிய டிரைவர் குணாளன்
இன்னும் என் தே தாரிக்குக்குக் காசு கொடுக்கிறான்.

என் கிளப் இங்கிலாந்தின் வடக்கே,
வரைபடத்தில் மழை ஒழுகுகிற பக்கம்.
பன்னிரண்டு வயதில் பிஸ்கட் டின் மூடியில் பார்த்த சட்டை.
அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்,
கல்யாணத்துக்கே நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதை விற்றுவிட்டார்கள்.
முன்னொரு காலம் ஊர்க் கசாப்புக் கடைக்காரர் கையில் இருந்ததாம்.
அப்புறம் கடல் தாண்டி மூன்று சகோதரர்கள்:
வாங்கக் கடன் எடுத்தார்கள்,
எடுத்த கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள்.
தன்னை வாங்கிய கடனை
மாடே பால் கறந்து கட்ட வேண்டும்.
இப்போது மூன்றெழுத்து நிதியம் ஒன்று.
முகம் கிடையாது.

எதிராஜ் மேசையைத் தட்டுகிறான்:
"எண்ணெய்க் காசுக்கா! ஜனவரியில பாருங்க,
பிரேசில்காரன் இறங்குவான்!"
டேய், எண்ணெயைப் பற்றி எனக்கா சொல்கிறாய்,
என் சப்பாத்தின் அடியைப் பார்.

சட்டையின் நெஞ்சில் புது விளம்பரம்.
அந்தக் காப்புறுதிக் கம்பெனியும் நிதியத்துடையதுதான்.
இடது பையிலிருந்து வலது பைக்கு
நானூறு மில்லியன்.
விதி மீறவில்லையாம், வரவு கூடியிருக்கிறதாம்.
எனக்கு ஈர மண் வாசம் அடிக்கிறது.
கிளப்பை ஒரு நாள் மேடையில் ஏற்றிப் பார்க்க ஆசை:
நிதியத்தை இறக்கி, கடனை இறக்கி,
விளம்பரத்தை உரித்து இறக்கி,
பிறகு முள் எங்கே நிற்கிறதென்று.

பெரிய கிளப்புகள் ஒருமுறை
தங்களுக்குள் தனிப் பந்தி போடப் பார்த்தன.
தோற்றாலும் எழுந்து போக வேண்டாத பந்தி.
அந்த ஊர் ஜனம் அட்டையைப் பிடித்துத் தெருவில் நின்று
இலையை எடுக்க வைத்தது.
ஜமால் கடையில் நாங்களும் கை தட்டினோம்.
என் கிளப்புக்கு அழைப்பே வரவில்லை என்பதில்
எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

நாங்கள் மட்டும் சுத்தம் என்று சொல்லவில்லை.
ஹார்ட்வேர் தவுக்கே சியா எங்கள் தோட்டத்து டீமுக்குப்
பதினாறு சட்டை தைத்துக் கொடுத்தார்.
பத்தாம் நம்பர் தன் மகனுக்கு என்றார்.
மகன் ஓடமாட்டான். வியர்த்தால் அழுவான்.
கொடுத்தோம்.
மாவட்ட இறுதியாட்டத்தில் பெனால்டியும் அவனே அடித்தான்;
பந்து மாரியம்மன் கோயில் கூரையில் இன்றும் இருக்கிறது.
தவுக்கே சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.

தோட்டமும் மூன்று கை மாறியதுதான்.
லண்டன், பிறகு கோலாலம்பூர், பிறகு யாரோ.
சம்பளச் சீட்டின் தலைப்பைப் பார்த்துத்தான்
முதலாளி மாறியதைத் தெரிந்துகொண்டோம்.
திடலில் நில அளவைக்காரன் சிவப்புக் குச்சி நட்ட அன்று
கோல் கம்பத்தில் கட்டியிருந்த ஆட்டை
அவிழ்த்துக்கொண்டு வந்தாள் புஷ்பவள்ளி.
அவ்வளவுதான் எங்கள் எதிர்ப்பு.

என் சேமநிதியை எங்கெங்கோ முதலீடு செய்கிறார்களாம்.
யார் கண்டது,
அந்த ஸ்டேடியத்தில் ஒரு நாற்காலியின்
ஒரு திருகாணி என்னுடையதாக இருக்கலாம்.
அதை யார் கழற்றினாலும் கேட்பேன்.

எண்பத்தொன்பதாவது நிமிடம்.
அந்த ஊரிலேயே பிறந்த பையன், பத்தொன்பது வயது,
ஜனவரியில் இவனைத்தான் முதலில் விற்பார்கள்,
இடது காலால் ஒரு தட்டு,
வலை.

எதிராஜ், குணாளன், நான்,
எல்லோரும் நாற்காலி மேல்.
கல்லாவிலிருந்து ஜமால் கத்துகிறார்:
"இறங்குங்க! நாற்காலி என்னோடது!"