இயற்கைத் தடை

முதலாம் தரத்துக்கான விண்ணப்பம்,
நாலாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது பெட்டி:
வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில்
ஆறு, களப்பு, சதுப்பு, காடு
ஏதும் உண்டா?

உண்டு என்று எழுதினேன்.
பேனா எழுதவில்லை.
உதறிப்போட்டு, மறுகா
உண்டு.

மண்டூரில் இருந்து குருமண்வெளிக்கு
தண்ணீரில் நகரும் இரும்புத் தட்டுக்கு
எங்களிடம் பெயர் பாதை.
பாதை வந்திட்டா?
இல்லகா, பாதை அக்கரையில நிக்கு.
வெளியூரார் சிரிப்பார்கள்,
பாதை எப்படி வரும், எப்படிப் போகும் என்று.
என் புருஷன் புவிராஜுக்கு அதுதான் உத்தியோகம்:
பாதையைக் கொண்டுபோவது, கொண்டுவருவது.

கோவைக்குள் வைத்தவை:
ஐந்து வருட வாக்காளர் இடாப்பு
(யோகமலரில் ஓர் எழுத்து விழுந்து நான் யோகமர்),
கிராம சேவகரின் ஒப்பம்,
அந்த ஒப்பம் சரியென்று பிரதேச செயலாளரின் ஒப்பம்,
மாமியின் பெயரில் வரும் கரண்ட் பில்.
தண்ணீர் பில் எங்கே என்று கேட்டார்கள்.
கிணறு, என்றேன்.
கிணற்றுக்கு யார் பில் போடுவது?

களுவாஞ்சிகுடியில் நேர்முகம்.
மேசையில் வரைபடம், அதன் மேல் ஒரு கவராயம்.
பள்ளிக்கூட வாசலில் ஊசியைக் குத்தி
எங்கள் கூரை வரைக்கும் அதன் காலை விரித்து
ஒரு வட்டம் சுற்றினார்கள்.
வட்டத்தில் அகப்பட்ட பள்ளிகளை எண்ணி
ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி கழித்தார்கள்.
களப்பும் உள்ளேதான் கிடந்தது, நீலமாக.
அதை யாரும் எண்ணவில்லை.

சேர், தண்ணிக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிகளைக் கழிக்க ஏலாது,
இயற்கைத் தடையெண்டு சுற்றுநிருபத்தில கிடக்கு.
அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.
தடையெண்டா உங்கட பிள்ளை எப்படி வரும்?
பாதையில.
அப்ப தடை இல்லையே, தங்கச்சி.

மேசை ஓரத்தில் புள்ளி எழுதியவ
சாந்தரூபி ரீச்சர்.
மூன்று வருடம் எங்கள் கரையில் படிப்பித்தவ.
காலை ஆறு ஐம்பது பாதையில் வருவா,
காற்று எழும்பினால் வரமாட்டா.
மாரியில் கிழமைக்கு இரண்டு நாள்தான் பள்ளிக்கூடம்.
குற்றமாகச் சொல்லவில்லை;
வயிற்றுப் பிள்ளையோடு அந்தத் தட்டில் நின்று
நானும் கம்பியை இறுக்கிப் பிடித்தவள்தான்.

இடமாற்றத்துக்கு அவ விண்ணப்பம் எழுதியது
நடுக்களப்பில், யாரோ ஒருவரின்
மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை விரித்து.
பேனா புவிராஜ் கொடுத்தது.
'களப்பு காரணமாகப் போக்குவரத்துத் தடை'
என்று எழுதியதை அவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.
ஒரு மாதத்தில் கிடைத்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
ரீச்சர் பேனா மூடியைத் திருகினா, திறந்தா, திருகினா.
நிமிரவில்லை.
அடுத்த ஆளை வரச் சொன்னார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் பதினாலாவது.
மேன்முறையீட்டுக்கு இரண்டு கிழமை.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாமே
என்கிறார்கள், இரண்டு பஸ் மாறிப் பார்க்காதவர்கள்.

இன்று பின்னேரப் பாதையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
அதே மாதிரி ஒரு சீற்றில் தாளை வைத்து.
அலை கையெழுத்தைக் கோணலாக்குகிறது.
லிதுர்ஷனா தட்டின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும்
நடந்துகொண்டே இருக்கிறாள்.
இருவென்றால் இருக்கிறாள் இல்லை.
பாதை என்றால் நடக்கத்தானே வேண்டும், அம்மா?
கரை தட்டும்போது எண்ணி முடித்தாள்:
நானூற்றுப் பன்னிரண்டு அடி.

வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம்
என்றொரு பெட்டி இதிலும் இருக்கிறது.
அவர் கயிறு எறியும் சத்தம் கேட்கிறது.
இன்னும் நிரப்பவில்லை.