முன் இருக்கை

ஏழு ஆண்டுகள் அந்த அம்மாவின் கார் ஓட்டினேன்.
பின்னிருக்கையில் ஒரே ஒருநாள்தான் உட்கார்ந்தார்.
"பிடரியைப் பார்த்துப் பேச எனக்கு வராது, சிப்ரியானோ"
என்று முன்கதவைத் தானே திறந்து ஏறிக்கொள்வார்.
மரபு தவறுகிறது என மாளிகை அதிகாரி கடிதம் எழுதினார்.
அதன் பின்பக்கத்தில்
உருளைக்கிழங்கு விலையைக் குறித்து வைத்தார் தெயோதோசியா.

அதிபரின் மனைவி ஆகுமுன்
சான் ப்ளாஸ் சுரங்க வாசலில்
வெள்ளீயக் கல் பொறுக்கியவர்.
வலது சுண்டுவிரல் பாதிதான்.
ரெமிகியோ சிறையிலிருந்த பதினாலு மாதமும்
வேலைநிறுத்தத்தை நடத்தியவர் இவர்,
ஓட்டை வானொலி ஒன்றில்,
மடியில் பிள்ளை பால் குடிக்க
அறிக்கை வாசித்தபடி.

பள்ளிப் புத்தகத்தில்
"துணைவியார் ஆறுதலாக இருந்தார்" என்றிருக்கிறது.
என் மகள் படித்துக் காட்டினாள்.
போய்ச் சொன்னேன். சிரித்தார்.
"ஆறுதலா? நான் அவனுக்கு அனுப்பியது கணக்கு.
யார் வந்தார்கள், யார் வரவில்லை."

மாளிகையில் ஓர் அறை கொடுத்தார்கள்,
அநாதை இல்லங்களுக்குப் பொம்மை அனுப்ப.
அனுப்பினார்.
மிச்ச நேரம் பட்ஜெட் படித்தார், சிவப்புப் பென்சிலோடு.
அமைச்சர்கள் பயந்தது
அந்தப் பென்சிலுக்குத்தான்.

பிறகு அந்த ஆகஸ்ட்.
சுரங்கத்தை மூட ஆணை.
கையெழுத்து ரெமிகியோவுடையது.
இரவெல்லாம் மாடியில் விளக்கு.
என்ன பேசினார்களோ.
கீழே நான் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன்;
அந்தக் குளிரில் வண்டியும் மனுஷர் மாதிரி,
விட்டால் விறைத்துவிடும்.

பதினோராம் நாள் சுரங்கத்துப் பெண்கள்
நடந்தே வந்து சேர்ந்தார்கள்.
சதுக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள்.
அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
கிழங்கு மட்டும் வேகாது.

"வண்டியை எடு."
வாசலிலிருந்து சதுக்கம் முந்நூறு அடி.
"நடந்தே போகலாமே, அம்மா."
"கொடி வைத்த வண்டிக்குத்தான்
தடுப்பை விலக்குவார்கள்."

விலக்கினார்கள். சல்யூட்டும் அடித்தார்கள்.
இறங்கினார்.
யாரும் கைதட்டவில்லை.
ஒருத்தி போர்வையை இழுத்து முகம் திருப்பினாள்.
இன்னொருத்தி கத்தியை நீட்டினாள். பதறிவிட்டேன்.
கிழங்கு சீவத்தான்.

உட்கார்ந்தார். சீவினார்.
அந்த அரைவிரல் எதையும் மறந்திருக்கவில்லை.
மேல்மாடத்தில் திரை ஒருமுறை அசைந்தது.
நான் பார்த்தேன்.
அவர் நிமிரவில்லை.

ஆணை திரும்பியதா என்று கேட்பீர்கள்.
பாதி.
அரசாங்கம் எதையும் பாதிதான் திரும்பப் பெறும்.
சுரங்கத்தில் பகல் வேலை மட்டும் மிஞ்சியது.

ஆனால் அது பிந்திய கதை.
அன்று விடியலில்
பின்கதவைத் திறந்து ஏறினார்.
கண்ணாடியில் பார்த்தேன்:
மடியில் அந்தக் கத்தி,
திருப்பிக் கொடுக்க மறந்தது,
ஈர மண்ணோடு.

"எங்கே, அம்மா?"

வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"வீட்டுக்குத்தான்.
அவன் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான்."